கிண்டி கிடைக்குமா: குடியாத்தத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: வணக்கம் சார். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறேன். பாப்பா இங்கே அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் வழி. பத்தாவதில் 500க்கு 461. இப்போது அரையாண்டில் கணிதம் 88, இயற்பியல் 80, வேதியியல் 86. ஆறாவது, ஏழாவது மட்டும் பக்கத்துத் தெருவில் எய்டட் ஸ்கூல் என்று நினைக்கிறேன், பீஸ் கட்டியதாக ஞாபகம் இல்லை. எட்டாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். நாங்கள் பி.சி. வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை, மூத்தவன் ஐ.டி.ஐ. முடித்து ராணிப்பேட்டையில் வேலைக்குப் போகிறான். பாப்பாவுக்குக் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமாம். டீச்சர், 7.5 இருக்கிறது, கிடைத்துவிடும் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், அதையெல்லாம் நம்பாதே, சென்னைப் பக்கம் ஒரு காலேஜில் இப்போதே ஐம்பதாயிரம் கட்டினால் சீட் உறுதி என்கிறார். நம்ம ஊர் வி.ஐ.டி.க்கு எழுதலாமா? ஒரு வருஷம் கோச்சிங் போட்டால் ஐ.ஐ.டி. வருமா? கிண்டி கிடைக்குமா, கிடைக்காதா? நேராகச் சொல்லுங்கள் சார்.

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்பெண்ணோடு பொது வரிசையிலோ பி.சி. வரிசையிலோ நின்றால் கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டு வரிசையில் நின்றால், இன்னும் பத்துப் பதினைந்து கட்-ஆஃப் ஏற்றினால், பேச இடம் உண்டு. ஆனால் பாப்பா அந்த வரிசையில் நிற்க முடியுமா என்பதே உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. டீச்சர் பார்த்தது இப்போது படிக்கும் பள்ளியை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய "ஆறாவது, ஏழாவது" என்ற வரியில்தான் விஷயம் இருக்கிறது.

2021ல் பொறியியலுக்கும் வந்த இந்த உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியானவர்கள். உதவிபெறும் பள்ளி இதில் சேராது. பீஸ் கட்டவில்லை, சத்துணவு போட்டார்கள், இலவச நோட்டு கொடுத்தார்கள் என்பதையெல்லாம் வைத்து முடிவு பண்ண முடியாது. உதவிபெறும் பள்ளியிலும் அதெல்லாம் உண்டு.

அதே சமயம் நம் ஊர்களில் "எய்டட்" என்று வாய்ப்பழக்கமாகச் சொல்லப்படும் பள்ளி, ஏட்டில் நகராட்சி நடுநிலைப் பள்ளியாகவோ ஊராட்சி ஒன்றியப் பள்ளியாகவோ இருப்பதும் சகஜம். அப்படியானால் அது அரசுப் பள்ளிக் கணக்குதான். ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அப்படியே. ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டிய முதல் வேலை, ஏழாவது முடித்தபோது வாங்கிய மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுப்பது. தலைப்பில் "நகராட்சி", "ஊராட்சி ஒன்றிய" என்ற சொல் இருக்கிறதா, இல்லை "அரசு உதவிபெறும்" என்று இருக்கிறதா பாருங்கள். டி.சி. கிடைக்காவிட்டால் இப்போதைய பள்ளியில் பாப்பாவின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்திருக்கும் எண்) போட்டால் எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்று வந்துவிடும். தலைமை ஆசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை படிப்புச் சான்று எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். அதை இப்போதே கேளுங்கள்.

சந்தேகமிருந்தும் விண்ணப்பத்தில் 7.5க்கு டிக் அடித்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அடிக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் ஆண்டு வாரியாகப் பள்ளியின் பெயரைப் பார்ப்பார்கள், அங்கே சிக்கிக்கொள்ளும். கடைசி நேரத்தில் சேவை மையத்துக்கும் பள்ளிக்கும் அலைவதுதான் மிச்சம்.

இனி மதிப்பெண். கட்-ஆஃப் என்பது 200க்கு. கணிதம் முழுதாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. 88, 40, 43 கூட்டினால் 171. பத்தாவது மதிப்பெண்ணும் பதினோராவது மதிப்பெண்ணும் இதில் சேராது. 461 நல்ல மதிப்பெண்தான், ஆனால் இந்தக் கணக்கில் அதற்கு வேலை இல்லை. இரண்டு பேர் எல்லாவற்றிலும் சமமாக வந்து நின்றால்தான் பத்தாவதைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் 171 என்பதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 80 எப்படி வந்தது என்று பாப்பாவைக் கேளுங்கள். இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10. அரையாண்டில் சில பள்ளிகள் எழுத்துத் தாளின் மதிப்பெண்ணோடு 30ஐச் சேர்த்துப் போடுகின்றன. சில பள்ளிகள் 70க்கு வாங்கியதை நூற்றுக்கு மாற்றிப் போடுகின்றன. முதல் வகை என்றால் பாப்பா தாளில் வாங்கியது 50. இரண்டாவது வகை என்றால் 56, அதோடு செய்முறை, அகமதிப்பீடு 30ம் முழுதாக வந்தால் பொதுத் தேர்வில் 86 ஆகும். வேதியியல் 86ம் இதே கதை. ஒரு கணக்கில் தாளில் 56, இன்னொரு கணக்கில் 60. கணிதத்துக்குச் செய்முறை இல்லை, 90க்குத் தேர்வு, 10 அகமதிப்பீடு, அதனால் அங்கே வித்தியாசம் ஒரு மதிப்பெண்தான். மொத்தத்தில் பள்ளி எப்படி எழுதியது என்பதை வைத்தே கட்-ஆஃப் 171ஆகவும் இருக்கலாம், 177ஆகவும் இருக்கலாம். ஆறு கட்-ஆஃப் என்றால் இந்த மட்டத்தில் பல ஆயிரம் பேர். விடைத்தாளையே கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

அரையாண்டு முழுப் பாடத்துக்கும் நடப்பதால் அதை ஓரளவு நம்பலாம். காலாண்டு மதிப்பெண்ணை வைத்து இந்தக் கணக்குப் போட்டிருந்தால் நான் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

பொதுத் தேர்வு வரை எவ்வளவு ஏற்றலாம்? கணிதத்தில் ஒரு மதிப்பெண் ஏறினால் கட்-ஆஃப் ஒன்று ஏறும். இயற்பியலில் இரண்டு ஏறினால்தான் ஒன்று. அதற்காகக் கணிதத்தை மட்டுமே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று ஆகிவிடாது. 88லிருந்து மேலே போவது ஏற்றம், ஒவ்வொரு மதிப்பெண்ணும் இழுத்துப் பிடித்து வாங்க வேண்டியது. இயற்பியல் தாளில் 50 என்றால் இன்னும் 20 மதிப்பெண் கீழேயே சிந்திக் கிடக்கிறது, பொறுக்கி எடுப்பது சுலபம். நான் போடும் கணக்கு: கணிதத்தில் 6, இயற்பியலில் 10, வேதியியலில் 7. கட்-ஆஃபில் 6, 5, 3.5. கூட்டினால் 14.5. 171ல் தொடங்கினால் 185.5. 177ல் தொடங்கினால் ஏற்கெனவே மேலே இருப்பதால் அவ்வளவு ஏறாது, 188 பக்கம் நிற்கும். 195 வரும் என்று யாராவது சொன்னால், எந்தக் கேள்வியிலிருந்து அந்த மதிப்பெண் வரும் என்று திருப்பிக் கேளுங்கள்.

எங்கே சிந்துகிறது என்பதை அரையாண்டுத் தாளை விரித்து வைத்துக்கொண்டு பாப்பாவே கண்டுபிடிக்கலாம். கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. இரண்டிலும் மூன்றிலும் பத்துக் கொடுத்து ஏழு எழுதச் சொல்வார்கள். ஆனால் 30வது கேள்வியும் 40வது கேள்வியும் கட்டாயம். இயற்பியலில் அதே போல 24ம் 33ம். இந்தக் கட்டாயக் கேள்விகள் பெரும்பாலும் புத்தகத்தின் பயிற்சிக் கணக்கை அப்படியே கேட்பதில்லை. பழகியதை மட்டும் எழுதுகிற பிள்ளை அந்த ஐந்து மதிப்பெண்ணைத் தொடாமலே வந்துவிடும். தினம் ஒரு கட்டாயக் கேள்வி, பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல் போட்டுப் பார்ப்பது போதும்.

ஒரு மதிப்பெண் பகுதியில் இன்னொரு சங்கதி. விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் தாளிலேயே அச்சிட்டிருக்கும். "ஆ" என்று மட்டும் போட்டுவிட்டு வந்தால் திருத்துபவர் கையில் மாட்டிக்கொள்வோம். கணிதத்தில் 20, இயற்பியலில் 15, வேதியியலில் 15 என்று மொத்தம் ஐம்பது மதிப்பெண் இந்தப் பகுதியில் இருக்கிறது. இது படிப்பு சம்பந்தப்பட்டதே இல்லை, வெறும் பழக்கம். இயற்பியல் கணக்கில் சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்று படிப்படியாக மதிப்பெண் உண்டு. அலகை விட்டால் அரை மதிப்பெண் போகும். வருவித்தலில் படம் போடாமல் விடுவதும் அப்படியே. இந்த அரை மதிப்பெண்கள்தான் கூடி ஆறு ஏழு ஆகின்றன.

இப்போது வரிசைக்கு வருவோம். கட்-ஆஃப் எவ்வளவு என்று மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தரவரிசை. ஒரு வருடம் கணிதத் தாள் சுலபமாக வந்து சென்டம் குவிந்தால், முந்தைய வருடம் 182க்கு இருந்த மரியாதைதான் அந்த வருடம் 185க்குக் கிடைக்கும். ஆனால் ஒரு கல்லூரியின் ஒரு பிரிவு எந்தத் தரவரிசையில் முடிந்தது என்பது வருடத்துக்கு வருடம் அவ்வளவாக ஆடாது. பொறியியல் கலந்தாய்வுக்கான டி.என்.இ.ஏ. தளத்தில் முந்தைய ஆண்டுகளின் பட்டியல் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, இன வாரியாக இருக்கிறது. மூன்று வருடத்தை எடுத்து, பி.சி. பத்தியை மட்டும் பாருங்கள், கட்-ஆஃபுக்குப் பக்கத்தில் இருக்கும் தரவரிசையை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யூடியூபில் "எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்" என்று மே மாதத்தில் வருவதெல்லாம் ஊகம். தரவரிசைப் பட்டியல் வெளியான அன்று பாப்பாவின் பொதுத் தரவரிசையும் இனத் தரவரிசையும் கையில் வந்துவிடும், அதற்குப் பிறகு ஊகத்துக்கு வேலையே இல்லை.

கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பட்டியலில் 199ஐ ஒட்டியும் அதற்கு மேலும் முடிவது வழக்கம். பி.சி. பட்டியலில் சற்றே கீழே. ஏன் இவ்வளவு நெருக்கடி என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். ஒரு பிரிவில் 120 இடம் என்று வைத்துக்கொள்வோம். 7.5 சதவீதம் போனால் 9. மிச்சம் 111. விளையாட்டு, மாற்றுத்திறனாளி போன்ற சிறப்புப் பிரிவுகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், அதில் 31 சதவீதம் பொது, சுமார் 34. பி.சி.க்கு 26.5 சதவீதம், சுமார் 29. மாநிலம் முழுக்க இருந்து வரும் பி.சி. பிள்ளைகள் பொது 34க்கும் போட்டி போடலாம், இந்த 29க்கும் போட்டி போடலாம். 185 எடுத்த பிள்ளை அந்த வரிசையில் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த 9 இடத்திலும் இதே இனச் சுழற்சி உண்டு. பி.சி.க்கு இரண்டு இடம்தான் வரும். ஆனால் அந்த இரண்டு இடத்துக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே நிற்கிறார்கள், அதனால்தான் அங்கே மதிப்பெண் நெருக்கடி குறைவு. டீச்சர் சொன்னது முழுத் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளி என்று உறுதியானால் அவர் சொன்ன பாதையில் தாராளமாகப் போகலாம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உட்பட அரசே ஏற்கும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். 7.5 பிள்ளைகள் பொதுக் கலந்தாய்வுப் பட்டியலிலும் இருப்பார்கள், ஒன்றில் நின்றால் இன்னொன்று போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

உதவிபெறும் பள்ளிதான் என்று தெரிந்தால், பி.சி. வரிசையில் 180 முதல் 188 வரை என்று வைத்துத் திட்டம் போட வேண்டும். "கிண்டி" என்று நீங்கள் சொல்வது உண்மையில் ஒரே வளாகத்தில் இருக்கும் கல்லூரிகள். 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு டி.என்.இ.ஏ. எண் 1. அதே வளாகத்தில் இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்கு எண் 2. குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு எண் 4. மூன்றும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டு இறங்கினால் இவற்றிலேயே வழி இருக்கிறது. எண் 1ல் சுரங்கவியல், அச்சுத் தொழில்நுட்பம், புவித் தகவலியல் போன்றவை 190ஐ நெருங்கினால் கேட்டுப் பார்க்கக்கூடியவை. எண் 2ல் ஜவுளித் தொழில்நுட்பம், செராமிக், தோல் தொழில்நுட்பம் இருக்கின்றன.

தோல் என்றதும் நம் மாவட்டத்தில் பெற்றோர் முகம் சுளிப்பது தெரியும். பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ தோல் பதனிடும் ஷாப்புப் பக்கம் ஒருமுறை போனவர்களுக்கு அந்த வாசனைதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் படிப்பு அழகப்பா கல்லூரியும் அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. படிப்பது பெரும்பாலும் வேதியியல், புரதம், காலணி வடிவமைப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, சுத்திகரிப்பு இல்லாமல் இங்கே ஒரு ஷாப்பு நடத்த முடியாது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் என்று நம்மைச் சுற்றி இவ்வளவு தொழிற்சாலை இருக்கும்போது, இந்தப் பட்டத்தைத் தேடிப் படிக்கிற வேலூர்ப் பிள்ளைகள் குறைவாக இருப்பது எனக்குப் புரியாத விஷயம். ஜவுளித் தொழில்நுட்பமும் அப்படித்தான், தறி ஓடும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஊடும் பாவும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பாடத்திட்டத்தை ஒருமுறை அவளே படித்துப் பார்க்கட்டும்.

அடுத்த படி அரசு பொறியியல் கல்லூரிகள். வேலூர் பாகாயத்தில் 1990ல் தொடங்கிய தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து பேருந்தில் வந்து போகலாம், விடுதிச் செலவே இல்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, சேலம், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), காரைக்குடி, ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 180க்கு மேல் வந்தால் இவற்றில் ஏதோ ஒரு நல்ல பிரிவு கிடைக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். கம்ப்யூட்டர் சயின்ஸே வேண்டும் என்றால் ஜி.சி.டி. போன்ற இடங்களிலும் போட்டி பலமாகத்தான் இருக்கும், அங்கே எலக்ட்ரானிக்ஸையும் சேர்த்து எழுத வேண்டும்.

கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யும் சாய்ஸ் ஃபில்லிங்கில்தான் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளும் கோட்டை விடுகிறார்கள். கல்லூரியும் பிரிவும் சேர்ந்தது ஒரு சாய்ஸ். எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். "கிடைக்காததை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகும்" என்று பிரவுசிங் சென்டர்காரர் சொல்வார். வீணாகாது. பாப்பாவின் தரவரிசை வரும்போது கணினி முதல் சாய்ஸில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் இரண்டாவது, அடுத்து மூன்றாவது என்று இறங்கிக்கொண்டே போகும். முதலில் கிண்டி கம்ப்யூட்டரைப் போட்டதற்காக இரண்டாவதில் அவளைப் பின்னுக்குத் தள்ளாது. அதனால் ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள், கிடைக்கும் வரிசையில் எழுத வேண்டாம். கீழே மட்டும் நிறைய எழுதுங்கள். இருபது எழுதிவிட்டு எதிலும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படும் பிள்ளைகளைவிட, எண்பது எழுதிய பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். அண்ணா பல்கலைக்கழகத் துறைகளில் சில பிரிவுகள் சாதாரணக் கட்டணத்திலும் சுயநிதிக் கட்டணத்திலும் தனித்தனி எண்ணில் இருக்கும். பிரிவு எண்ணைச் சரிபார்க்காமல் கிளிக் செய்துவிட்டுக் கட்டணம் கட்டும் அன்று திகைக்கக் கூடாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறுகிய கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கிடைத்ததில் திருப்தி என்றால் ஏற்றுச் சேர்வது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மேலே உள்ள சாய்ஸ்களுக்குக் காத்திருப்பது இன்னொன்று. இதில் ஒரு பொறி இருக்கிறது. மேலே காலி வந்தால் உங்களைக் கேட்காமலே இடம் மாறிவிடும், கையில் இருந்தது போய்விடும். பாப்பாவுக்கு ஏழாவது சாய்ஸாக ஜவுளி கிடைத்து, மனத்தளவில் அதிலேயே திருப்தி என்றால், ஐந்தாவதாக யாரோ சொன்னார்கள் என்று போட்ட கல்லூரிக்குப் போய் நிற்க வேண்டி வரும். கெடுவுக்குள் எதையுமே அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். ஆகவே பதிவு செய்யும் செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும், பிரவுசிங் சென்டர் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

ஒரே கட்-ஆஃபில் பல நூறு பேர் இருப்பார்கள். அப்போது முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், எதிலும் பிரியாவிட்டால் பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் இரண்டு இடத்தில் உதவுகிறது என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். தேர்வு முடிவு வந்து எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்கியவர்கள்தான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். அது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். பிள்ளை முதல் பட்டதாரி என்பதால் வரும் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அது கைவிட்டுப் போகும். பல தனியார் கல்லூரிகளில் ஜனவரியில் "உறுதி" என்று விற்கும் அதே பிரிவு செப்டம்பரில் கலந்தாய்வு முடியும்போது காலியாகக் கிடக்கும். 171 வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த இடம் இந்த ஐம்பதாயிரம் இல்லாமலே கிடைக்கும். எந்தக் கட்டத்திலும் அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

வி.ஐ.டி. தன் சொந்த நுழைவுத் தேர்வு வழியாக எடுக்கிறது. தேர்வுத் தரவரிசையை வைத்து ஐந்து கட்டணப் பிரிவு, தரவரிசை இறங்க இறங்கக் கட்டணம் ஏறும். கலந்தாய்வுக்கு வெளியே இருப்பதால் 7.5ம் முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே இல்லை. எழுதுவதில் தவறில்லை. முதல் கட்டணப் பிரிவுக்குக் கீழே வந்தால் நான்கு வருடக் கட்டணத்தையும் விடுதியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாவட்ட அளவில் முதலிடம் பிடிக்கும் கிராமப்புற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்களே இலவசக் கல்வித் திட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆனால் 185ல் அது எட்டாது.

ஐ.ஐ.டி.க்காக ஒரு வருடத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கான முதல் கட்டத் தேர்வான ஜே.இ.இ. மெயினைத் தமிழில் எழுதலாம். ஆனால் அதில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்து எழுத வேண்டிய அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். மாநிலப் பாடத்தில் 80 எடுக்கும் இயற்பியலை ஒரு வருடத்தில் அந்த மட்டத்துக்கு ஏற்றுவது அரிதாகவே நடக்கிறது. இருந்தாலும் ஏப்ரல் மாத மெயின் தேர்வுக்கு விண்ணப்பித்து ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்பதால் சொல்கிறேன். அதற்கு உங்கள் பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்ற சான்றிதழைத் தனியாகத் தாசில்தாரிடம் வாங்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் பொதுப் பிரிவில் போய் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

மார்ச்சுக்கு முன்பே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் போட்டுவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்கு மூத்த மகனின் படிப்பையும் காட்ட வேண்டியிருக்கும், ஐ.டி.ஐ. பட்டமில்லை என்பதால் தடையில்லை. சாதிச் சான்றிலும் பத்தாவது மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருப்பதால் இன்னொன்று: எட்டாவது முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை, பாப்பாவுக்கும் தேவையில்லை. சித்தூர்ப் பக்கம் ஒரு வருடம் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் அவர்களுக்குத் தேவைப்படும், சொல்லி வையுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் 2024லிருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஏழாவது டி.சி. எப்படி வந்தாலும், கல்லூரியில் சேர்ந்ததும் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்புச் சான்றைக் கொண்டுபோய் விண்ணப்பியுங்கள். டி.சி.யைப் பார்த்துவிட்டு, அரையாண்டு இயற்பியல் தாளில் 70க்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டும் கையில் இருந்தால் சாய்ஸ் பட்டியலையே வரிசைப்படுத்தித் தரலாம்.